தாயில்லாப் பிள்ளைக்குப் பெண் கேட்டபோது

பிஸ்கட்டவே,
10 மார்ச் 2024

அன்புள்ள எழில் கண்ணுக்கு,

இங்கே உன் மாமாவுக்கு முழங்கால் வலி, எனக்கு அவரால் தலைவலி, மற்றபடி ஒரு குறையுமில்லை. நீயும் நஞ்சுண்டன் தம்பியும் எப்படி இருக்கிறீர்கள்? உன் சைனஸ் தேவலையா? போனில் பேசினால் நமக்குள் உடனே சண்டை வந்துவிடுகிறது என்றுதான் கடிதம் எழுத ஆரம்பித்தோம். இப்போது அதற்கும் நீ பதில் போடாமல் இருந்தால் நான் எங்கே போய்ச் சண்டை போடுவது?

விஷயம் மதனைப் பற்றித்தான். உன் பக்கம் ஹூஸ்டனுக்கு வேலை மாற்றிக்கொண்டு போனதிலிருந்து அவன் பேச்சே சரியில்லை. இங்கே பக்கத்து ஊர் பார்சிப்பனியில் நாகலக்ஷ்மி இருக்கிறாளே, கோபிக்காரி, அவள் மகள் ஓவியா பல் டாக்டர். ஜாதகம் பொருந்துகிறது. இவன் "பாக்கலாம்மா" என்கிறான். போன மாதம் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிற எவளோ ஒரு பெண்ணைப் பற்றி இழுத்தான், நம்ம ஆட்கள் இல்லையாம். "நான் செத்ததுக்கப்பறம் உன் இஷ்டப்படி பண்ணிக்க" என்று ஒரே போடாகப் போட்டேன். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டான்.

உனக்குத் தெரியும், என் கல்யாணத்துக்கு முன்னாலேயே நம் அம்மா போய்விட்டாள். மணவறையில் அம்மா நிற்க வேண்டிய இடத்தில் பெரியம்மா நின்றாள். அன்றைக்கு நான் அழுத அழுகை உனக்கு ஞாபகம் இருக்காது, நீ சின்னப் பெண். என் ஒரே பிள்ளை கல்யாணத்தில் அவன் பக்கத்தில் நான் நிற்க வேண்டும். எனக்கு வேறு ஆசை ஒன்றும் கிடையாது.

அங்கே நீதான் எனக்குக் கண்ணும் காதும். அவனைக் கொஞ்சம் கவனித்துக்கொள்.

சண்டைக்குக் காத்திருக்கும்,
அக்கா மரகதம்

*

பேர்லேண்ட்,
2 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு எழில் எழுதுவது.

எங்கள் ஊர்க் கோவில் மீனாட்சி புண்ணியத்தில் நாங்கள் சௌக்கியம். சைனஸ் என்னை விட்டுப் போவதாயில்லை. மாமாவைத் தினமும் நடக்கச் சொல்லுங்கள்.

மதன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இங்கே சாப்பிட வருகிறான். அரிசிம் பருப்பு சாதம் என்றால் மூன்று தட்டு போகிறது. ஓவியா பேச்சைக் காதில் போட்டு வைத்தேன். அவசரப்படுத்த வேண்டாம் அக்கா, அவன் பயந்த சுபாவம்.

எனக்கு இங்கே புதிதாக ஒரு சிநேகிதி. பெயர் ஹசிந்தா. பக்கத்து ஊர் ஆல்வினில் அவரும் அவர் வீட்டுக்காரரும் செடி நர்சரி வைத்திருக்கிறார்கள். மெக்ஸிகன் என்று சொன்னால் சிரிப்பார். "அது பாஸ்போர்ட். நாங்க மசாவா" என்பார். அந்த நாட்டுப் பூர்வகுடி, மெக்ஸிகோ சிட்டிக்கு மேற்கே மலைப்பக்கம் அவர்கள் ஊர். ஸ்பானிஷ் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டதாம். வீட்டுப் பாஷை வேறே, ஸ்பானிஷ் அந்தப் பக்கம் வருவதற்கு எத்தனையோ காலம் முந்தியதாம். அதைப் பேசினால் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அடிப்பாராம். மகள் அதைப் புரிந்துகொண்டு இங்கிலீஷில் பதில் சொல்கிறாள், நம் பிள்ளைகளேதான். சாதாரண நாளில் ஜீன்ஸ். விசேஷம் என்றால் மடிப்பு மடிப்பாகப் பாவாடை, மானும் பறவையும் பின்னின தோள் துணி, இடுப்பில் தடிமனாக நெய்த பட்டை, காதில் குட்டிப் புறா தொங்குகிற வெள்ளிக் கம்மல். நமக்கெல்லாம் அந்தப் புறாவைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது.

மாமாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் எழில்

*

பிஸ்கட்டவே,
21 ஏப்ரல் 2024

எழிலுக்கு,

இங்கே இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறோம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மிணி, நான் பிள்ளையைப் பற்றிக் கேட்டால் நீ புறாக் கம்மலைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறாய். படிக்க நன்றாகத்தான் இருந்தது. உன் மாமாவுக்கும் படித்துக் காட்டினேன். ஆனால் அந்த ஆஸ்பத்திரிப் பெண் சமாசாரம் என்ன ஆயிற்று? விசாரித்தாயா? நாகலக்ஷ்மி கோவிலில் என்னைப் பார்க்கிறபோதெல்லாம் "என்னங்க்கா முடிவு" என்கிறாள். நான் ஈ என்று இளித்துவிட்டு வருகிறேன்.

சிநேகிதி கிடைத்ததில் சந்தோஷம். பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் பேச ஒரு ஆள் வேண்டும். கோபித்துக்கொள்ளாதே, உள்ளதைத்தான் சொன்னேன்.

அடுத்த கடிதத்தில் மதன் முதலில், புறா அப்புறம்.

அக்கா

*

பேர்லேண்ட்,
16 ஜூன் 2024

அன்பு அக்காவுக்கு,

பதில் தாமதத்துக்கு மன்னிக்கவும். வெயில் மண்டையைப் பிளக்கிறது, மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. மாமாவுக்குக் கால் எப்படி?

மதன் நன்றாக இருக்கிறான். கொஞ்சம் சதை போட்டிருக்கிறான்.

ஒரு விசேஷம். ஹசிந்தாவின் மகள் மரிசோலைப் பெண் கேட்டுப் போனார்கள், நானும் போனேன். அவர்கள் வழக்கம் கேளுங்கள். பையன் வீட்டார் பெரிய கூடையில் ரொட்டி, பழம், பூ, மெழுகுவர்த்தி எல்லாம் வைத்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதைப் பையனின் அம்மா தன் கையால் கொடுக்க வேண்டும். முதல் தடவை போனால் சரி என்று சொல்லவே மாட்டார்கள். உட்கார வைத்துச் சோறு போட்டு, மழை, செடி, உரம் என்று ஊர்க்கதை பேசி அனுப்பிவிடுகிறார்கள். மறுபடியும் கூடையோடு போக வேண்டும். கூடையை வாங்கி அவர்கள் சாமி வைத்திருக்கிற இடத்தில் வைத்துவிட்டால் பெண்ணைக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். அதற்கப்புறம் இரண்டு வீடும் ரத்த சொந்தம் மாதிரி. போன ஞாயிறு வாங்கி வைத்துவிட்டார்கள்.

பையன் நம் ஊர்ப் பக்கத்துப் பையன்தான். அவனுக்கு அம்மா இல்லை. அதனால் அந்த இடத்தில் என்னை நிற்கச் சொன்னார்கள். ஹசிந்தா என் இடுப்பில் தன் கையாலேயே ஒரு பட்டை கட்டிவிட்டார்.

வேறு விசேஷம் இல்லை அக்கா.

எழில்

*

பிஸ்கட்டவே,
7 ஜூலை 2024

என் தங்கமே எழில்,

நாங்கள் சுகம். உன் கடிதத்தைப் படித்து அழுதுவிட்டேன். இவர் என்னவோ ஏதோ என்று பயந்துபோய் ஓடி வந்தார்.

பாவம், தாயில்லாப் பிள்ளை. பெண் கேட்க ஒரு அம்மா இல்லாமல் நிற்பது எப்படிப்பட்ட கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நீ போய் நின்றாயே, நல்லா இருப்பாய். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். உனக்குத்தான் பிள்ளை இல்லை, அந்தப் புண்ணியம் என் மதனுக்கு வந்து சேரட்டும்.

அவர்கள் வழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. நாமும் தட்டு தூக்கிக்கொண்டு நடந்தவர்கள்தானே. முதல் தடவை பதில் சொல்லாமல் அனுப்புவதுதான் சரி. பெண்ணைப் பெற்றவள் அவ்வளவு சீக்கிரம் தலையாட்டினால் பெண்ணுக்கு என்ன மரியாதை?

இதோடு ஒரு சிறுமுகைப் பட்டு அனுப்புகிறேன். அரக்கில் மாம்பழ பார்டர். ஓவியாவுக்கு என்று வாங்கி வைத்தது, இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பெண் மரிசோலிடம் கொடு. மாமியார் இல்லாத வீட்டுக்குப் போகிறாள், முகம் தெரியாத ஒரு அம்மா கொடுத்ததாக இருக்கட்டும். பையன் பெயர் என்ன? எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை? ஒரு வார்த்தை எழுது, சாமியிடம் பெயர் சொல்லி வேண்டிக்கொள்கிறேன்.

உன்னை நினைத்துப் பெருமைப்படும்,
அக்கா

*

பேர்லேண்ட்,
12 அக்டோபர் 2024

அன்பு அக்காவுக்கு,

சேலை வந்து சேர்ந்தது. கொடுத்துவிட்டேன். இடையில் எனக்கு ஜுரம், அதனால்தான் எழுதவில்லை. இப்போது பரவாயில்லை.

இங்கே ஒரு வாரமாக ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சிகள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே போகின்றன. மசாவா மலைக்குத்தான் போகின்றனவாம். செத்துப்போனவர்கள்தான் அப்படி வருஷத்துக்கு ஒரு தடவை வீடு திரும்புகிறார்கள் என்று ஹசிந்தா சொல்கிறார். நவம்பர் முதல் வாரம் வீட்டில் மேடை கட்டி, செண்டுமல்லி போட்டு, வருகிறவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து வைப்பார்களாம். செண்டுமல்லி விற்பனையில் அவருக்கு இப்போது நர்சரியில் மூச்சு விட நேரமில்லை.

தீபாவளிக்கு இங்கே வரலாமா என்று மாமா கேட்டதாக மதன் சொன்னான். வேண்டாம் அக்கா. நாங்கள் டாலஸ் போகிறோம். மதனுக்கும் ஆபீசில் ஏதோ சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்கிறதாம். பொங்கலுக்கு வாருங்கள், சாவகாசமாக இருக்கலாம்.

எழில்

*

பிஸ்கட்டவே,
6 நவம்பர் 2024

எழில்,

நான் உயிரோடு இருக்கிறேன். இந்தத் தடவை உன் உடம்பைப் பற்றிக் கேட்கிற மனசு எனக்கு இல்லை.

நீயும் அங்கேதான் நின்றாய். ஆனாலும் நான் பார்த்ததை நான் சொல்கிறேன், நீ கேள். என்னைக் கண்டதும் அடுப்படிக்குள் ஓடினவளுக்கு மிச்சக் கதை தெரியாது.

பண்டிகைக்குப் பிள்ளை தனியாக ஆபீசில் கிடக்கிறானே என்று மனசு கேட்காமல் இவரை வீட்டில் விட்டுவிட்டு சனிக்கிழமை பிளேன் ஏறினேன். அவன் அபார்ட்மென்ட் பூட்டிக் கிடந்தது. நீ டாலஸ் போயிருக்கிறாய் என்று தெரிந்தும், செடிக்குத் தண்ணீர் ஊற்றவாவது யாராவது வருவார்கள் என்று உன் வீட்டுக்கு வந்தேன். நஞ்சுண்டன் தம்பி லுங்கியோடு கதவைத் திறந்தார். அவருக்குப் பொய் வராது. வந்திருந்தால் அன்றைக்கு நான் தப்பித்திருப்பேன். "அவங்கெல்லாம் ஆல்வின்ல சாமி கும்பிடப் போயிருக்காங்கக்கா" என்றார். மதனுமா என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். லுங்கியை மாற்றிக்கொண்டு அவரே காரை எடுத்தார். ஹசிந்தா வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டுக் காரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

கதவு திறந்துதான் கிடந்தது. முதலில் கண்ணில் பட்டது என் சேலை, அரக்கில் மாம்பழ பார்டர். ஒரு பெண் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் வேட்டி கட்டிக்கொண்டு என் மகன். உன் இடுப்பில் அந்தப் பட்டை. உன் கையில் ஊதுவத்தி.

காதில் புறாக் கம்மல் போட்டிருந்த ஹசிந்தா என்னைப் பார்த்தார். பயப்படவில்லை எழில். நேராக வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அவர் பாஷையில் என்னமோ சொன்னார், கண்ணெல்லாம் தண்ணீர். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்து, மேடையில் இருந்த தட்டை எடுத்து என் மடியில் வைத்தார். அரிசிம் பருப்பு சாதம். அந்தப் பெண்ணிடம் உங்கள் அம்மா என்ன சொல்கிறார் என்று இங்கிலீஷில் கேட்டேன். ரொம்ப தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், களைப்பாக இருக்கும், சாப்பிடுங்கள் என்கிறார் என்று சொன்னாள். அவள் என் முகத்தையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன நல்ல மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டு மேடையைப் பார்த்தேன்.

அங்கே நான் இருந்தேன். வீடு குடிபோன அன்றைக்கு எடுத்த போட்டோ. செண்டுமல்லி மாலை. முன்னால் மெழுகுவர்த்தி, டம்ளரில் காபி.

என் மகன் இரண்டு அடி பின்னால் போனான். என் தங்கை ஏற்கனவே அடுப்படிக்குள். ஹசிந்தாதான் என் கையை விட்டுவிட்டு, மறுபடி பிடித்துப் பார்த்தார். கை சூடாக இருந்தது. அவர் முகம் மாறினதை நீ பார்த்திருக்க வேண்டும், ஆனால் நீ அதற்குள் ஓடிவிட்டாய்.

அவர் கத்தவில்லை. மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார். மாலையைக் கழற்றினார். போட்டோவைத் தோள் துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார். அப்புறம் மதனைப் பார்த்து, விடிந்ததிலிருந்து இவங்களுக்காகச் சமைத்தேன், உயிரோடு இருக்கிறவங்களுக்கு என்னைச் சாவுச்சோறு ஆக்க வைத்துவிட்டாயே என்று சொல்லி, முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் இதை எனக்குச் சொல்லிவிட்டு உள்ளே போய் என் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். அவளுக்கும் அதுவரை ஒன்றும் தெரியாது.

உன் செல்லப்பிள்ளை என்ன சொன்னான் தெரியுமா? "நீங்கதானம்மா சொன்னீங்க, செத்ததுக்கப்பறம் பண்ணிக்கன்னு."

அவன் கோழை. கோழை பொய் சொல்வான். பெற்றவள் அதைத் தாங்கிக்கொள்வாள். நீ யார்? என் கண்ணும் காதும் என்று எழுதினேன். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று இருந்துவிட்டாய். தாயில்லாப் பிள்ளை என்று நான் அழுது எழுதின கடிதத்தை எப்படி எழில் படித்தாய்? பையன் பெயர் கேட்டேனே, சாமியிடம் சொல்ல. சேலை அனுப்பினேனே. நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாய்.

மரகதம்

*

பேர்லேண்ட்,
20 நவம்பர் 2024

அக்காவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

மதன் என் முன்னால் உட்கார்ந்து அழுதான். அம்மா வரமாட்டாங்க சித்தி, அம்மா இல்லாமல் போனால் அவங்க கூடையையே தொட மாட்டாங்க, அதனால அம்மா உயிரோட இல்லைன்னு சொல்லிட்டேன் என்றான். என்னிடம் வருவதற்கு முன்பே சொல்லிவிட்டான் அக்கா. நான் என்ன செய்ய? போய் நின்றேன். கல்யாணம் ஆனதும் உங்கள் காலில் விழுந்து சொல்லிவிடலாம் என்றிருந்தோம். போட்டோ வைப்பார்கள் என்று சத்தியமாக நான் நினைக்கவில்லை. அவன் போனிலிருந்து ஹசிந்தா கேட்டு வாங்கி பிரேம் போட்டிருக்கிறார், பாசத்தில். அன்றைக்கு மேடையில்தான் நானும் அதைப் பார்த்தேன். அப்போது எப்படிச் சொல்வது?

உங்களைக் கேட்டிருந்தால் வந்திருப்பீர்களா? உங்கள் மனசைத் தொட்டுச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிப் பெண் என்றீர்களே, அந்த மரிசோலை வீட்டுக்குள் விட்டிருப்பீர்களா?

பதில் போடுங்கள் அக்கா.

எழில்

*

பேர்லேண்ட்,
18 ஜனவரி 2025

அக்கா,

பொங்கலுக்குக் கூப்பிட்டேன், நீங்கள் போன் எடுக்கவில்லை. மாமா எடுத்து, அவ தூங்கறா என்றார். மதனும் இங்கே வருவதில்லை. ஹசிந்தா நர்சரிப் பக்கமே என்னை விடுவதில்லை. பட்டையைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினார், கொடுத்துவிட்டேன்.

போன கடிதத்தில் ஒன்றை எழுதவில்லை. அவர் அதைக் கட்டிவிட்டபோது மதனைக் காட்டி "உங்க மகன்" என்றார். மகன் இல்லை, அக்கா மகன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது அக்கா. ஒரே ஒரு தடவை யாராவது என்னை அப்படிச் சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன்.

திட்டியாவது ஒரு கடிதம் எழுதுங்கள். நான் உங்களுக்கு ஒரே தங்கை.

எழில்

*

பிஸ்கட்டவே,
13 ஏப்ரல் 2025

திருமதி எழிலரசி நஞ்சுண்டன் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். தங்கள் குடும்பத்தாரும் அவ்வாறே இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன்.

உன் கடிதம் இரண்டும் கிடைத்தது. கேட்டிருந்தால் வந்திருப்பேனா என்று கேட்டாய். வந்திருக்க மாட்டேன். கத்தியிருப்பேன், பட்டினி கிடந்திருப்பேன், ஒரு வருஷம் அவனோடு பேசாமல் இருந்திருப்பேன். அப்புறம் வந்திருப்பேன். அந்தக் கோபம் என்னுடையது, அதை நான் பட்டுத் தீர்த்திருக்க வேண்டும். என்னைக் கொன்றுவிட்டால் சீக்கிரம் முடியும் என்று நீங்கள் இரண்டு பேரும் கணக்குப் போட்டீர்கள்.

பிப்ரவரியில் நானும் இவரும் கூடை தூக்கிக்கொண்டு ஆல்வின் போனோம். ரொட்டி, பழம், பூ எல்லாம் நானே பார்த்துப் பார்த்து வாங்கினேன். முதல் தடவை ஹசிந்தா வழக்கப்படி பதில் சொல்லவில்லை. இரண்டாம் தடவையும் சொல்லவில்லை. அது வழக்கம் இல்லை, அது கோபம். எனக்கு அது புரிந்தது. இவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, இனிமேலுமா என்றார். செத்தவள் திரும்பி வந்து கேட்கிறேன், நம்ப நாளாகும் என்றேன். போன வாரம் போனபோது கூடையை வாங்கி உள்ளே வைத்தார். வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஆட்கள் செய்த துரோகம், பாஷை தேவைப்படவில்லை.

மே மாதம் உங்கள் ஊர் மீனாட்சி கோவிலில் கல்யாணம், மறுநாள் அவர்கள் வீட்டில் அவர்கள் முறைப்படி. ஹசிந்தா எல்லாருக்கும் இடம் குறித்துக்கொண்டிருந்தார். முதல் வரிசை இரண்டு வீட்டு ரத்த சொந்தங்களுக்கு. உங்க தங்கச்சிக்கு எங்கே போடட்டும் என்று மகளை விட்டுக் கேட்டார். கோவிலில் பழக்கமான ஆன்ட்டிகள் உட்காருகிற இடத்தில் போடுங்கள் என்றேன். இரண்டாம் தடவை அவர் கேட்கவில்லை.

இதோடு பத்திரிகை இருக்கிறது. சொந்தக்காரர்களுக்கு நாங்களே நேரில் போய் வெற்றிலை பாக்கோடு கொடுக்கிறோம். உனக்குத் தபாலில் வருகிறது. உறை மேல் உள்ளது மதன் கையெழுத்து, பக்கத்தில் நின்று நான்தான் எழுதச் சொன்னேன். எழில் ஆன்ட்டி, நஞ்சுண்டன் அங்கிள். பேனாவைப் பிடித்துக்கொண்டு, "சித்தின்னு எழுதறேனேம்மா" என்றான்.

"செத்தவளுக்கு ஏதுடா தங்கச்சி? ஆன்ட்டின்னு எழுது" என்றேன். எழுதினான்.

அவசியம் வந்து மணமக்களை வாழ்த்தவும்.

இப்படிக்கு,
மரகதம் வேலுமணி
மணமகனின் தாயார்